விராலும் மூழ்கும்

செப்டம்பர் 28, ஞாயிறு

இந்த டைரி உரக்கடையில் பெரியவருக்குச் சும்மா கொடுத்தது. ஜனவரியிலிருந்து பீரோ மேல் தூசி தின்றுகொண்டு கிடந்தது. இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டேன். யாரிடமாவது கத்த வேண்டும். வாய்விட்டுக் கத்தினால் "படிச்ச பொண்ணு பேசுற பேச்சா இது" என்பார்கள். அதனால் இதில் கத்துகிறேன்.

பெரியவர் என்றால் என் கணவரின் அண்ணன் வைரக்கண்ணு. இந்த வீட்டில் உலை வைப்பதிலிருந்து ஊருக்குப் போவது வரை அவரைக் கேட்டுத்தான். இன்றைக்குச் சாப்பிடும்போது மறுபடி ஆரம்பித்தார். "குட்டைய எப்பம்மா காலி பண்ணப்போற? அறுவடை மிஷின் நிறுத்த எடம் இல்லாம ரோட்டுல நிக்குது."

மாசியில் கொல்லைக் குட்டையில் நான் விரால் குஞ்சு விட்டபோது பத்துப் பேர் முன்னிலையில் அவர் சொன்னது இது: "ஒரு தடவ வளத்து, புடிச்சு, வித்துக் காட்டு. அப்பறம் குட்டை ஒனக்குத்தான். இல்லன்னா மண்ணடிச்சுத் தூத்துருவேன்." அதை நினைவுபடுத்தினேன். "அதான் வித்துக் காட்டுன்னேன். எங்க வித்த?" என்கிறார்.

புரட்டாசியில் எவன் மீன் வாங்குவான்? பெருமாள் மாதம் முடிய வேண்டும். கார்த்திகை பிறந்தால் ஊரில் பாதிப் பேர் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார்கள். நடுவில் இருப்பது ஐப்பசி ஒன்றுதான். நீடாமங்கலத்து வியாபாரியிடம் நவம்பர் முதல் வாரத்தில் வரச் சொல்லியிருக்கிறேன். இதெல்லாம் பெரியவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே கேட்கிறார்.

என் கணவர் அறிவழகன் தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டார். அண்ணன் பேசும்போது அவர் குறுக்கே பேசமாட்டார். சுபாவம் அப்படி. நல்லவர்.

அக்டோபர் 2, வியாழன்

இட்லிக்கு அரைத்தேன். மகள் தென்றலுக்குப் பள்ளி விடுமுறை. மீனுக்குத் தீனி போட்டேன். சீர்காழியிலிருந்து அக்கா மலர்க்கொடி போன் செய்தாள். அவள் வீட்டுக் கொல்லைக் குட்டை சும்மாதான் கிடக்கிறதாம். "அங்கயே கெடந்து ஏண்டி அல்லாடுற, இங்க வந்து வளக்கலாம்ல" என்றாள். நான் எதற்குப் போகிறேன்? எனக்கு இங்கேயே குட்டை இருக்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

இன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

நீர்க்காகம் வந்து மீனைக் கொத்தாமல் இருக்க, நான் மூங்கில் கழி நட்டுக் குட்டைக்கு மேலே ஆள் உயரத்தில் கூரை மாதிரி வலை கட்டியிருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் கழி ஒன்றுகூட இல்லை. எல்லாம் பிடுங்கி அடுக்கி வைத்திருக்கிறது. வலையை இழுத்துத் தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, கரையைச் சுற்றிக் கருவை முள்ளுக் குச்சியை அடித்து மாட்டியிருக்கிறது. பெரியவர் வேலை. அவர் மகள் யாழினிக்கு மஞ்சள் நீராட்டு வருகிறது. சொந்தக்காரர்கள் வந்து போகிற வீட்டில் கொல்லைப் பக்கம் கோழிப்பண்ணை மாதிரி இருக்கக்கூடாதாம்.

"மாமா, மழை பேஞ்சா தண்ணி ஏறும். வலை தண்ணிக்குள்ள போயிடும். விராலு மேல வந்து காத்துக் குடிக்கணும். குடிக்க முடியலன்னா மூழ்கிச் செத்துரும்" என்றேன்.

பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "விராலும்மா அது! சந்தையில தரையில போட்டு வச்சாக்கூட அரை நாளு துள்ளிக்கிட்டுக் கெடக்கும். தரையில சாவாத மீனு தண்ணியிலயா சாவும்? தமயந்தி, இங்க வாயேன், மீனு மூழ்கிருமாம்!"

அவர் மனைவி தமயந்தி அக்கா அடுப்படியிலிருந்து ஓடிவந்து சிரித்தாள். "ஐயய்யோ, நீச்சல் கத்துக்குடு கோதை" என்றாள். என் கணவரும் சிரித்தார். அண்ணன் சிரிக்கும்போது அவர் மட்டும் எப்படிச் சும்மா நிற்பார்.

தரையில் சாகாததுக்கும் தண்ணீரில் சாவதுக்கும் காரணம் ஒன்றுதான். கெண்டைக்குச் செவுள் போதும், தண்ணீரில் கரைந்திருக்கிற காற்றை அதுவே எடுத்துக்கொள்ளும். விராலுக்குச் செவுள் போதாது. வயல் வற்றி, சேறு சூடேறி, தண்ணீரில் காற்றே இல்லாமல் போகிற இடத்தில் பிழைத்துப் பழகிய மீன் அது. செவுளுக்கு மேலே தலைக்குள் ஓர் அறை வைத்திருக்கிறது. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கி அந்த அறையில் வைத்துக்கொள்ளும். கோடையில் சேற்றுக்குள் புதைந்து உயிரோடு கிடப்பதும், முதல் மழைக்கு ரோட்டைத் தாண்டி அடுத்த குட்டைக்குப் போவதும் அந்தக் காற்றால்தான். அதை மேலே வரவிடாமல் தடுத்தால், தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும். பி.எஸ்சி. விலங்கியல் படித்துவிட்டு இதை நான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற ஆளுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

தென்றல் மட்டும்தான் சிரிக்கவில்லை. "நெசமாவாம்மா?" என்றாள். கரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். ஒன்று மேலே வந்தது. 'ப்ளக்' என்று ஒரு சத்தம், ஒரு வளையம், மறுபடி உள்ளே போய்விட்டது. "கொட்டாவி விடுது" என்றாள். ஏழு வயசுக்கு அது போதும்.

அக்டோபர் 13, திங்கள்

யாழினிக்கு ஜாக்கெட் அளவு கொடுக்கப் போனோம். மீன் நன்றாக இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி முடிந்தது. எண்ணெய்ச் சட்டி தேய்த்துத் தோள் கழன்றுவிட்டது. விடியற்காலையிலிருந்து மழை. குட்டைத் தண்ணீர் வலையைத் தொட இன்னும் நான்கு விரல்தான் இருக்கிறது.

கழியை மறுபடி நட்டுத் தரச் சொல்லி என் கணவரிடம் கேட்டேன். நானே செய்துவிடுவேன். ஆனால் பெரியவர் அடித்ததை நான் பிடுங்கினால் வீடு ரெண்டாகிவிடும். தம்பி செய்தால் ஒன்றும் சொல்லமாட்டார். "சரி, கயிறு வாங்கியாறேன்" என்றார். சாயங்காலமே நைலான் கயிறு வாங்கிக்கொண்டு வந்தும் விட்டார். பார்த்தாயா, சொன்னால் செய்கிற மனுஷன்தான்.

அக்டோபர் 30, வியாழன்

பெரிய சண்டை.

யாழினி விசேஷத்துக்கு ஞாயிற்றுக்கிழமை திருவாரூரில் மண்டபம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போக வேண்டும், திங்கட்கிழமை திரும்ப வேண்டும் என்று உத்தரவு. நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன், மழைக்காலம், வியாபாரி அடுத்த வாரம் வருகிறான், மீனைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றேன்.

தமயந்தி அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். "எம் பொண்ணு தலையில தண்ணி ஊத்த சின்னம்மா இல்ல, மீனுக்குக் காவலா இருக்கான்னு சொல்லவா? எங்க அண்ணம்மாரு சீரு கொண்டாந்து எறக்குறப்ப கேப்பாங்களே!"

பெரியவர் அழவில்லை. "நல்ல காரியத்துக்கு வராதவளுக்கு இந்த வூட்டுக் குட்டை எதுக்கு?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் நான் என்ன பேசுவது? யாழினி பாவம், எனக்கு அவள்மேல் ஆசைதான். ஆனால் என்னைக் கூட்டிப்போவது அவள்மேல் உள்ள ஆசையால் இல்லை. நான் இல்லாவிட்டால் பந்தியில் பெரியவருக்கு மரியாதைக் குறைச்சல். அவ்வளவுதான்.

"வலைய மட்டும் தூக்கிக் கட்டிருங்க, நான் வர்றேன்" என்று என் கணவரிடம் சொன்னேன். தலையாட்டினார்.

அக்டோபர் 31, வெள்ளி

வேன் வந்துவிட்டது. எனக்குப் பூக்கூடை, பலகாரத் தூக்கு, தென்றலுக்குத் தலை வாரல் என்று கொல்லைப் பக்கம் எட்டிப்பார்க்கக்கூட நேரமில்லை. வேனில் ஏறும்போது கேட்டேன், "கட்டினீங்களா?" "கட்டியாச்சு" என்றார். நிம்மதியாக ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன், வண்டி குதிக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

ரெண்டு நாளாகப் பேய்மழை. மண்டபத்துக் கூரைத் தகரத்தில் மழை அடித்த சத்தத்தில் மேளம் கேட்கவில்லை. யாழினி பட்டுப் புடவையில் அழகாக இருந்தாள். நானும் தலையில் தண்ணீர் ஊற்றினேன், ஆரத்தி எடுத்தேன், சிரித்தேன். தமயந்தி அக்காவின் அண்ணன்கள் என்னைப் பார்த்து "இவங்கதான் மீனு வளக்குறவங்களா, மீனு மூழ்கும்னாங்களாமே" என்றார்கள். ஊருக்கே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

பரவாயில்லை. வலை உயரத்தில் இருக்கிறது. பெய்கிற மழை பெய்துவிட்டுப் போகட்டும்.

நவம்பர் 3, திங்கள்

எல்லாம் போய்விட்டது.

நவம்பர் 4, செவ்வாய்

நேற்று எழுத முடியவில்லை. இன்றைக்கு எழுதுகிறேன்.

வேனிலிருந்து இறங்கியதும் பலகாரத் தூக்கைக்கூட வைக்காமல் கொல்லைக்கு ஓடினேன். வலை இருந்த இடத்தில் இருந்தது. அதாவது பெரியவர் அடித்த முள்ளுக் குச்சியிலேயே இருந்தது. அதற்கு மேலே முழங்கை ஆழத்துக்குத் தண்ணீர் நின்றது. தண்ணீருக்கு அடியில் வலை மேலே புடைத்துக்கொண்டிருந்தது. கீழே வெள்ளை வெள்ளையாக வயிறு தெரிந்தது. நிறைய விரால்கள் வலைக்கண்ணில் மூக்கை நுழைத்தபடியே விறைத்திருந்தன. கடைசி வரைக்கும் மேலே வரத்தான் முட்டியிருக்கின்றன.

தண்ணீரில் இறங்கினேன். புது ஜரிகைச் சேலையோடுதான் இறங்கினேன். வடக்கு மூலையில் மட்டும் ஏதோ துள்ளியது. அங்கே கருவை முள் மாட்டி வலை ஒரு கை அகலத்துக்குக் கிழிந்திருந்தது. அந்தக் கிழிசலைக் கண்டுபிடித்த மீன்கள் மட்டும் பிழைத்திருந்தன. ஒன்றுக்குப் பின் ஒன்றாக அந்த ஓட்டைக்கு வந்து ஒரு வாய் காற்று வாங்கிக்கொண்டு உள்ளே போயின. ஒரு பானைகூட நிறையாது, அவ்வளவுதான் மிச்சம்.

வலையில் ஒரு தண்ணிப்பாம்பும் சிக்கிச் செத்திருந்தது. பெரியவர் அதைக் குச்சியால் தூக்கிப் பார்த்தார். அவ்வளவுதான், கேஸ் முடிந்துவிட்டது. "இந்தா, இதான். பாம்பு உள்ள பூந்து வெஷத்தக் கக்கியிருக்கு. தண்ணியெல்லாம் வெஷம்." நேற்றுச் சாயங்காலத்திலிருந்து விசாரிக்க வருகிறவர்களுக்கெல்லாம் அதே கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் பாம்பு ஒரு சாண் நீளமாகிறது.

"மாமா, தண்ணிப்பாம்புக்கு வெஷமே கெடையாது" என்று கத்தினேன். ஆமாம், கத்தினேன், எல்லோர் முன்னாலும். "அதுக்கும் நம்மள மாதிரி நுரையீரல்தான். மூக்கு ஓட்டைய மூஞ்சிக்கு மேல வச்சிருக்கறதே தண்ணிக்குள்ள இருந்தபடி எட்டி மூச்சு வாங்கத்தான். வலைக்குக் கீழ மாட்டிக்கிச்சு, மேல வர முடியல, செத்துப்போச்சு. மீனும் அப்படித்தான் செத்துச்சு. நான் சொன்னேன்ல? இதே எடத்துல நின்னு சொன்னேன்ல?"

"தண்ணிப்பாம்பும் தண்ணியில மூழ்கிருச்சாம்" என்றார் பெரியவர். வந்திருந்தவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள். ரெண்டு பேர் சிரித்தார்கள்.

செத்த மீனை அள்ளித் தென்னைக்கு அடியில் புதைத்தேன். நாற்றம் கையை விட்டுப் போகவில்லை.

நவம்பர் 5, புதன்

மண்வெட்டி வைக்க மோட்டார் அறைக்குப் போனேன். நைலான் கயிறு அங்கே ஆணியில் தொங்கியது. கடையில் சுற்றிக் கொடுத்த காகிதம்கூடப் பிரியவில்லை.

வேறு கயிறு எடுத்துக் கட்டியிருப்பார். அது மழையில் அவிழ்ந்திருக்கும்.

மதியம் வாழைக்காய்ப் பொரியல் வைத்தேன்.

நவம்பர் 6, வியாழன்

கழிகள் பெரியவர் அடுக்கிய இடத்திலேயே அடுக்கியபடி இருக்கின்றன. அவற்றின்மேல் பூசணிக் கொடி ஏறியிருக்கிறது.

வியாபாரிக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டான். மழை என்றேன். பெரியவரை நினைத்தால் வயிறு எரிகிறது. அவர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். அவர் ஒருத்தர்தான்.

நவம்பர் 8, சனி

டிராக்டரில் கட்டடம் இடித்த கல்லும் மண்ணும் வந்து கொல்லையில் கொட்டியாயிற்று. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. "சொன்ன சொல்லு சொன்னதுதாம்மா. வித்துக் காட்டுன்னேன், நீ வித்துக் காட்டல" என்கிறார். மழை விட்டதும் குட்டையில் தள்ளுவார்களாம்.

"உள்ள இன்னும் மீனு உயிரோட இருக்கு" என்றேன்.

"புடிச்சுக் கொழம்பு வையி. எத்தன நாளாச்சு இந்த வூட்டுல விராலு சாப்புட்டு."

சீர்காழி அக்காவுக்குப் போன் செய்து அவள் வீட்டுக் குட்டையில் கோடையிலும் தண்ணீர் நிற்குமா என்று கேட்டேன். சும்மா கேட்டேன். பக்கத்தில் பள்ளிக்கூடம் எந்த வகுப்பு வரை இருக்கிறது என்றும் கேட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

இன்றைக்கு என் கணவரிடம் கேட்டேன். நான்கு நாளாகக் கேட்காமல் தள்ளிப்போட்டிருந்தேன். அவர் வயலுக்கு மருந்து தெளிக்கிற டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கயிறு பிரிக்கவே இல்லையே" என்றேன்.

டப்பாவை மூன்றாம் முறை கழுவினார்.

"கழி அடுக்குன எடத்துலயே கெடக்கு. வலை குச்சியிலயே இருந்துச்சு. வேற கயிறும் கட்டல, ஒண்ணும் கட்டல. அப்படித்தான?"

"கட்டத்தான் போனேன் கோதை. சத்தியமாப் போனேன். அண்ணன்தான், நல்ல காரியத்துக்குக் கெளம்புற நேரத்துல கொல்லையில என்னா வேலைன்னாரு. நான் அடிச்ச குச்சிய நீ புடுங்குறியான்னாரு. சரின்னு வந்துட்டேன்."

"அது சரி. எங்கிட்ட ஏன் கட்டியாச்சுன்னு சொன்னீங்க?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு கள்ளத்தனமும் இல்லை. "சொல்லலன்னா நீ வேன்ல ஏறியிருக்க மாட்டியே" என்றார்.

இதை எழுதும்போதே பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. ஒரு வாரமாகப் பெரியவரைத் திட்டித் திட்டிப் பக்கத்தை நிரப்பியிருக்கிறேன். அவராவது என் முகத்துக்கு நேரே சிரித்தார். நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் நம்பாமல் இருந்தார். இந்த மனுஷன் கரைக்கு வந்து மீன் கொட்டாவி விடுவதை மகளோடு உட்கார்ந்து பார்த்தவர். அது மேலே வராவிட்டால் சாகும் என்று இவருக்குத் தெரியும். தெரிந்துதான் வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மழை கொட்டிய ரெண்டு நாளும் பக்கத்தில்தான் இருந்தார். பந்தியில் எனக்குப் பாயசம் கேட்டு வாங்கி ஊற்றச் சொன்னார்.

நல்லவர் என்றும், சொன்னால் செய்கிற மனுஷன் என்றும் எழுதியிருந்ததைப் புரட்டிப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. ஆண் விரால்கூடக் குஞ்சுகளை விட்டு நகராமல் காவல் நிற்கும், பக்கத்தில் யார் வந்தாலும் பாய்ந்து கடிக்கும். அதற்கு அண்ணன் கிடையாது போலிருக்கிறது.

சாப்பாடு வைக்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தமயந்தி அக்கா மட்டும் வந்து தென்றலுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நவம்பர் 10, திங்கள்

தென்றலின் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். எதற்கு என்று தலைமையாசிரியை கேட்டார். "ஊரு மாறுறோம் டீச்சர்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

மிச்ச மீனைப் பிடித்தேன். கிழிசலுக்குப் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்ததால் கூடையை வைத்ததும் வந்தன. வலை முழுவதையும் அறுத்துப் போட்டபிறகும் பாவம், அந்த மூலையை விட்டு நகரவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

சீர்காழி. அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் குட்டியானை வண்டி ஒன்றைக் கூப்பிட்டேன். ரெண்டு பை, தென்றலின் புத்தகம், ஒரு நீலக் கேன். கேனில் பாதிக்கும் கீழே தண்ணீர், அதில் மீன், மேலே மூடியில் ஓட்டை போட்டிருந்தேன். பெரியவர் வாசலில் நின்று பார்த்தார். "அக்கா வூட்டுக்குத்தான? ரெண்டு நாளு இருந்துட்டு வரட்டும், கோவம் தணியும்" என்று என் காதில் விழும்படி உள்ளே சொல்லிவிட்டுப் போனார். தமயந்தி அக்கா வெளியே வரவில்லை. யாழினி மட்டும் ஓடிவந்து தென்றலுக்கு வளையல் போட்டுவிட்டாள்.

வண்டி கிளம்பும் நேரத்தில் கொல்லைப் பக்கமிருந்து என் கணவர் ஓடிவந்தார். கையில் ஒரு குடம். மூச்சு வாங்கியது. வண்டியில் எட்டி ஏறிக் கேன் மூடியைத் திருகிக் கழற்றினார்.

"என்ன பண்றீங்க?"

"தண்ணி பாதிகூட இல்லையே கோதை. சீர்காழி வரைக்கும் போவணும், மீனு தாங்குமா?" என்று குடத்தைச் சாய்த்தார். அக்கறையாகத்தான் செய்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

குடத்தை அவர் கையிலிருந்து பிடுங்கி ரோட்டில் கவிழ்த்தேன். தண்ணீர் அவர் காலில் கொட்டியது.

"நெறைய ஊத்தி மூடுனா செத்துரும். எத்தன தடவ சொல்றது? எத்தன தடவங்க?"

"மறந்துட்டேன்" என்றார். கீழே இறங்கிக் காலியான குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். "நானும் ரெண்டு நாள்ல வரட்டா?"

தென்றல் என் முகத்தைப் பார்த்தாள். நான் நிதானமாகத்தான் சொன்னேன். "வாங்க. மோட்டார் அறையில அந்தக் கயிறு இருக்கு, எடுத்துக்கிட்டு வாங்க. அங்க குட்டைக்கு வலை கட்டணும். ரெண்டு நாளு எதுக்கு, இப்பவே எடுத்துட்டு வந்து வண்டியில ஏறுங்க. ஆனா உங்க அண்ணனக் கேக்காம ஏறணும்."

அவர் வாயைத் திறந்தார். பிறகு திரும்பி வீட்டைப் பார்த்தார்.

நான் டிரைவரிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன்.